சக்கர வீட்டின் நம்பர்

குண்டூர் நாடு, கொல்லிமலை
29 ஜனவரி 1941

மதிப்புக்குரிய வெங்கிடுசாமி அண்ணாவுக்கு, சகலை பொங்கியண்ணன் எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மார்கழிக் கடைசியில் நான் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து, நீங்கள் துரையிடம் வாங்கிய, மோட்டாரில் பூட்டி இழுக்கிற சக்கர வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழிக்கூண்டுக்குச் சக்கரம் வெச்சாப்பல இருக்குதுங்க" என்று எல்லார் எதிரிலும் சொன்னேன் அல்லவா. அன்று மத்தியானம் நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், களத்துப் பக்கம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கோழிக்கூண்டுக்குள்தான் போனேன். சுவரோடு மடித்து வைத்திருந்த துரையின் கட்டிலை இறக்கினேன். படுத்தேன். கண்ணாடி ஜன்னல் வழியாக உங்கள் மாட்டுத்தொழுவம்கூட வேறு தேசம் மாதிரி தெரிந்தது. சுகம் தாங்காமல் ஒரு புரளு புரண்டேன். கட்டில் என்னை உள்ளே வைத்தபடியே திரும்பவும் சுவரோடு மடிந்துகொண்டது.

கூப்பிட்டிருந்தால் வந்து எடுத்திருப்பீர்கள். கூப்பிட வாய் வரவில்லை. அரைமணி நேரம் புத்தகத்துக்குள் வைத்த அரசிலை போலக் கிடந்து, கடைசியில் எட்டி உதைத்து வெளியே வந்தேன். ஒரு கீல் போயிற்று, என் வேட்டியும் போயிற்று. வேட்டியை ஆடு மென்றுவிட்டது என்று என் வீட்டுக்காரி ராசாமணியிடம் சொன்னேன். கீல் துரை காலத்திலேயே உடைந்தது என்று நீங்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். பாவம், அந்த மனுஷர் கப்பலேறிப் போய்விட்டார், அவர் பேரைக் கெடுக்க வேண்டாம்.

பொறாமைதான் அண்ணா, வேறொன்றுமில்லை. துரை இந்த மலையில் சிவப்புக் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அவருக்கு அரிசி, சர்க்கரை, தீப்பெட்டி எல்லாம் என் கடையிலிருந்துதான் போயிற்று. அடிவாரத்தில் நிற்கும் அந்த வண்டி என்றைக்காவது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். மலைக்கு வண்டிப்பாதையே கிடையாது, வாங்கியிருந்தாலும் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் துரை ஊருக்குக் கிளம்பினபோது நீங்கள் போய் நாலு வார்த்தை பேசி முடித்துவிட்டீர்கள் என்று கேட்டதும் எனக்கு இரண்டு நாள் களி இறங்கவில்லை.

இந்த மட்டும் உண்மை சொல்லிவிட்டதால் இனிச் சொல்வதையும் நம்புவீர்கள். பொங்கலுக்கு மறுநாள், நாலு நாளில் வாரேன் என்று சொல்லி இறங்கிய ராசாமணி இன்னும் ஏறவில்லை. அக்காளும் தங்கையும் சேர்ந்தால் பேச்சு முடியாது, தெரியும். ஆனால் இரண்டு வாரம் ஆயிற்று. தயவுசெய்து அனுப்பிவையுங்கள். ராசப்பன் மிளகு ஏற்றிக்கொண்டு வருகிறான், திரும்பும்போது துணைக்கு இருப்பான்.

பொங்கியண்ணன்


காளப்பநாயக்கன்பட்டி
5 பிப்ரவரி 1941

தம்பி பொங்கியண்ணனுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை ராசப்பன் மிளகு மூட்டைக்குள் சொருகிக் கொண்டுவந்தான். பிரித்ததும் மூன்று பேருக்கும் தும்மல். மூன்று பேர் ஏது என்றால், இந்த வீட்டில் கடிதம் வந்தால் நான் உரக்கப் படிப்பது வழக்கம். கட்டில் இடம் வந்ததும் உன் அண்ணி அம்சவேணி எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கிற்று. ராசாமணி சிரிக்கவில்லை. "ஆடு மென்னுதுன்னாரு, நானும் ஒக்காந்து தச்சுக் குடுத்தேன்" என்றாள். கீலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ வரும்போது கொண்டுவந்து மாட்டிக் கொடு.

ராசாமணியை நான் பிடித்து வைத்திருக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு இரண்டு பேரையும் சக்கர வீட்டில் பழனிக்கு அழைத்துப் போவதாக வாய் விட்டுவிட்டேன். சேந்தமங்கலத்து வாடகை மோட்டாரில் பூட்டி இழுத்துப் போவதாக ஏற்பாடு. பழனி போகாமல் மலையேற மாட்டேன் என்று அவள் சொல்கிறாள். அந்த வண்டியில்தான் படுக்கிறாள். ஜன்னலுக்குப் பூப்போட்ட துணியில் திரை தைத்து மாட்டியிருக்கிறாள். ஊர்ப் பெண்டுகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது ஒரு தொல்லை. மோட்டாருக்குப் பின்னால் இழுக்கிற வண்டியும் பதிவாக வேண்டும் என்று புதுச் சட்டமாம். சேலத்துக்குப் போய் விசாரித்தேன். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். வண்டியின் அடிச்சட்டத்தில் கம்பெனிக்காரன் வெட்டின நம்பர் ஒன்று இருக்கும், அதை எழுதிக்கொண்டு வாருங்கள், இல்லாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள் என்றார். துரை கொடுத்த கடுதாசியில் நம்பர் இருந்த மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்தவரிடம் மிச்சத்தைப் படிக்கச் சொன்னதில், நம்பர் முன்னிரும்பில் வெட்டியிருக்கிறது என்று தெரிந்தது. மோட்டாரோடு கோக்கிற நீள இரும்பு அது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓடை தாண்டும்போது அது முறிந்து, கொல்லன் வேறு இரும்பு வைத்துவிட்டான். முறிந்த துண்டைத் துரை தன் சுமைகாரன் செங்கோடனுக்குக் கொடுத்தாராம். செங்கோடன் உன் மலை. உன் கடைக்குப் பக்கத்து ஊர்.

நம்பர் கிடைத்தால் பழனி. பழனி முடிந்தால் உன் சம்சாரம். சீக்கிரம் தேடு.

வெங்கிடுசாமி


குண்டூர் நாடு
18 பிப்ரவரி 1941

அண்ணாவுக்கு,

உரக்கப் படிக்கிறீர்கள் என்று முன்னமே தெரிந்திருந்தால் கட்டில் விஷயத்தை விட்டிருப்பேன். போகட்டும். அண்ணி, நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கமே வந்து உட்கார்ந்து சிரியுங்கள்.

இரும்பு கிடைத்துவிட்டது. செங்கோடனைத் தினை வயலில் பிடித்து, "அந்தத் துரை குடுத்த இரும்பு எங்கப்பா" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கோயில்லதானுங்களே தொங்குது. தெனமும் மணியாட்டம் அடிக்கறனுங்களே. நீங்கதானே—"

மேற்கொண்டு அவன் சொன்னது இங்கே வேண்டாம். விஷயம் இதுதான். செங்கோடன்தான் அவர்கள் ஊர் மாரியாயி கோயிலுக்குப் பூசாரி. முழங்கை நீளத்துக்கு நல்ல சீமை இரும்பு, வீட்டில் வைத்து என்ன செய்வது என்று அதைக் கயிற்றில் கட்டிக் கோயில் முன் பூவரசில் தொங்கவிட்டிருக்கிறான். கல்லால் தட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கிறது. எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் ஆத்தாளுக்கு என்று கொடுத்த சாமானை உத்தரவில்லாமல் இறக்கக்கூடாது. பூக்கேட்க வேண்டும். அம்மன் தலையில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று வைத்துவிட்டுக் காத்திருப்பது. வெள்ளை முதலில் விழுந்தால் உத்தரவு. சிவப்பு விழுந்தால் பேசாமல் எழுந்து போக வேண்டியது. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி போய்க் குளித்து ஈரத்துணியோடு நின்றேன். சிவப்பு விழுந்தது. போன வெள்ளியும் போனேன். சிவப்பு.

செங்கோடன் என் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "வாயில ஒண்ணு கேக்கறீங்க, மனசுல ஒண்ணு வெச்சிருக்கறீங்க. ஆத்தா எதைன்னு குடுப்பாங்க சாமி."

மனசில் என்ன இருந்தது என்று உங்களிடம் மறைப்பானேன். வாய் நம்பரைக் கேட்டது. உள்ளே, அந்தத் தகர வீடு அங்கேயே நின்று துருப்பிடித்து, அதன் நாலு பக்கமும் ஆமணக்கு முளைத்து, ஜன்னல் திரையை எலி கடித்து, உள்ளே இருக்கிறவள் அலுத்துப்போய் மலையேறி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வேண்டுதலும் ராசாமணி வரவேண்டும் என்பதற்குத்தான். ஆனாலும் பூவுக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

நானே களி கிண்டுகிறேன். கட்டி தட்டுகிறது. நேற்று ஒரு கட்டியைக் கரண்டியால் உடைத்தபோது அது தெறித்து, மிளகு நிறுக்க வந்தவன் மேல் பட்டது. அவன் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பழனிக்குப் பதிலாக நடந்தே தலைமலைக்குப் போய்வந்தால் ஆகாதா என்று கேட்டுச் சொல்லுங்கள், அதற்கு நம்பர் வேண்டாம்.

பொங்கியண்ணன்


காளப்பநாயக்கன்பட்டி
26 பிப்ரவரி 1941

மகாகனம் பொருந்திய உபயதாரர் பொங்கியண்ணன் அவர்களுக்கு,

தங்களை இனி மரியாதையாகத்தான் எழுத வேண்டும். இத்தனை பெரிய தர்மவான் என்று இதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று.

ராசப்பன் உப்பு மூட்டை இறக்கிவிட்டு அந்தக் கோயில் வழியாக வந்திருக்கிறான். பூவரசில் தொங்குகிற இரும்பைப் பார்த்திருக்கிறான். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதைத் தாங்கள் மறந்துவிட்டீர்கள் போலும். "கடைக்காரர் பொங்கியண்ணன் உபயம்" என்று விரல் பருமன் எழுத்தில் வெட்டியிருக்கிறதாம். வெட்டுவதற்கு முன் அரம் போட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறதாம். எதைத் தேய்த்தீர்கள் என்று நான் கேட்க வேண்டுமா.

துரை சுமைகாரனுக்குக் கொடுத்த இரும்பு. சுமைகாரன் சாமிக்குக் கொடுத்த இரும்பு. இதில் தங்கள் உபயம் எங்கே வந்தது. கேட்கப்போனால் வண்டி வாங்கினவன் நான், கழன்ற இரும்பும் அதில் சேர்த்திதான். இந்த ஊர் மாரியம்மனுக்கு ஆளுயர வெண்கல விளக்குக் கொடுத்தேன். என் பேரை அடித்தட்டில் போட்டான் கன்னான். குனிந்து எண்ணெய் துடைக்கிறவன் தவிர ஒருத்தன் பார்த்ததில்லை. தங்கள் பேர் மூன்று ஊருக்கு நடுவில் காற்றில் ஆடுகிறது, தினமும் அதைத் தட்டி ஓசை எழுப்புகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை மோட்டார்க்காரன் ஆள் அனுப்பிவிட்டான். இன்னும் இருபது நாளில் உறுதி சொல்லாவிட்டால் உத்திரத்துக்கு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவானாம். நம்பரை அரத்தால் வழித்தவர் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இதை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனால் நடந்தது. ராசப்பன் சொல்லி முடித்ததும் அம்சவேணி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், தெரிந்ததே. ராசாமணி அவனைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு பேருக்குப் பக்கத்துல என் பேரு போட்டிருக்குதா ராசப்பா?"

"இல்லீங்க அம்மிணி. எடம் இருந்துது, போடலீங்க."

அவள் எழுந்து போய்ச் சக்கர வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக்கூட இறங்கவில்லை.

வெங்கிடுசாமி


குண்டூர் நாடு
8 மார்ச் 1941

அண்ணாவுக்கு,

தங்கள் என்று எழுதாதீர்கள், கூச்சமாக இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரும்பை வெட்டினது ஐப்பசியில். அப்போது துரை கிளம்பவும் இல்லை, வண்டி உங்கள் கைக்கு வரவும் இல்லை. ஆகவே உங்களைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை, அந்த ஒரு பாவம் என் மேல் கிடையாது. நடந்தது இவ்வளவுதான். ஆடி மாதம் உங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து, குனிந்து அந்த விளக்கின் அடித்தட்டைப் பார்த்தேன். ஒருத்தன் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தேன். மலைக்கு வந்ததும் எனக்கும் எங்காவது பேர் இருக்க வேண்டும் போலாகிவிட்டது. இங்கே விளக்குக் கொடுக்க வகையில்லை. இருந்தது அந்த இரும்பு ஒன்று. தொங்கவிட்டிருந்த கயிறு நைந்திருந்தது. புதுச் சங்கிலி நான் வாங்கித் தருகிறேன், ஒரு சின்ன எழுத்து வெட்டிக்கொள்ளலாமா என்று செங்கோடனைக் கேட்டேன். "சங்கிலிக்கு உண்டான பேரைச் சங்கிலியில வெட்டிக்குங்க" என்றான், நியாயஸ்தன். சங்கிலிக் கண்ணியில் பேர் வெட்ட முடியுமா. மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு நானே அரம் பிடித்தேன். ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் இருந்தன. துரை கல் பார்க்கிற கணக்கு என்று நினைத்துக்கொண்டு தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன். வேறெந்த வேலையையும் வாழ்நாளில் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பூக்கேட்டேன் என்றேனே, அது நிஜம். ஆனால் இரும்பு இறங்கினால் என் பேர் தெரிந்துவிடும் என்பதும் மனசில் இருந்தது. சிவப்புப் பூ விழுந்ததும் பெருமூச்சு விட்டேன். இதைச் செங்கோடனிடமும் சொல்லிவிட்டேன். "தெரியுமுங்க" என்றான்.

நேற்று மூன்றாம் தடவை கேட்டேன். என் பேரை அரத்தால் வழித்துவிடவும் உத்தரவு வேண்டும் என்று சேர்த்துக் கேட்டேன். வெள்ளை விழுந்தது. இறக்கி வைத்து, சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். ஒரு நாலு மாதிரி தெரிகிறது. செங்கோடன் அது ஒன்பது என்கிறான். மிச்சம் ஒன்றும் இல்லை. உங்கள் நம்பரை நான் தொலைத்துவிட்டேன் அண்ணா. மோட்டார்க்காரனிடம் என் பேரைச் சொல்லித் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அந்த வண்டியின் மேல் எனக்கிருந்த எரிச்சல் கட்டிலுக்காக என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். திரை தைத்து மாட்டினாள் என்று எழுதினீர்களே, அன்றுதான் எனக்கு நிஜமாகவே எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் குடித்தனம் பண்ணுகிற என் வீட்டில், திரை மாட்ட ஒரு ஜன்னல் கிடையாது. முன்னால் கடை, பின்னால் மிளகு மூட்டை. புகை போக ஓட்டில் ஓர் ஓட்டை. துரை விட்டுப்போன தகரத்துக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை.

இனி வருகிற இரண்டு வரியை உரக்கப் படிக்காதீர்கள். முடியாது என்றால் மெதுவாகவாவது படியுங்கள்.

ராசாமணி, பேர் வழித்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. பழனிக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீ வா கண்ணு.

பொங்கியண்ணன்


குண்டூர் நாடு
17 மார்ச் 1941

அண்ணாவுக்கு,

முதலில் காரியம். உங்கள் வண்டியின் வாசற்படி இருக்கிறதே, இறங்குவதற்காக மடக்கி வைத்த பித்தளைத் தகடு போட்ட படி, அதைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஒரு கோபுரம் மாதிரி எழுத்து, பக்கத்தில் 3, 0, 9, 4. கம்பெனிக்காரன் இரண்டு இடத்தில் வெட்டியிருக்கிறான். எழுதிக்கொண்டு நாளைக்கே சேலத்துக்குப் போனால் மோட்டார்க்காரன் கெடுவுக்குள் முடிந்துவிடும். மூன்று மாதமாக நீங்கள் தினம் பத்துத் தடவை அதன்மேல் மிதித்து ஏறி இறங்கியிருக்கிறீர்கள் என்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

ராசாமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தாநாள் ராசப்பனோடு ஏறி வந்தாள். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தபோது அக்காளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாளாம், கோபித்துக்கொள்ள வேண்டாம். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தாள். அடிப்பிடித்த களியைச் சுரண்டி நாய்க்கு வைத்தாள். நாய் என்னைப் பார்த்துவிட்டு அதைத் தின்றது.

"மெதுவாப் படிக்கச் சொல்லி எழுதியிருந்தீங்களே, மாமா அதை மட்டும் ரெண்டு வாட்டி சத்தமாப் படிச்சாரு" என்றாள். "பக்கத்து ஊட்டுக்காரங்க வேலிகிட்ட நின்னு கேட்டாங்க."

"அவரு அப்பிடித்தான் செய்வாரு."

"கண்ணுன்னு எழுதுனதை மூணு வாட்டி."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மிளகு மூட்டையை எண்ணினேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே பின்சுவரைப் பார்த்து, "இதுல எங்க வெப்பீங்க ஜன்னலு" என்றாள். நாளைக் காலை செங்கோடன் கடப்பாறையோடு வருகிறான். எவ்வளவு பெரிசு என்று கேட்டதற்கு, துரை ஜன்னலைவிட ஒரு சாண் கூட இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உத்திரத்துக்கு அவள் கட்டாயம் வருவாள், நானும் கூட வருகிறேன். எனக்கு உள்ளே இடம் வேண்டாம், மோட்டாரில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நம்பரைப் பற்றி அவளாகத்தான் பேச்செடுத்தாள். சோறு போட்டுக்கொண்டே, "அந்த நம்பரு படிக்கு அடியில இருக்குதுங்களே" என்றாள். அந்த முதல் எழுத்தைக் கோலம் போடுவதுபோல மாவில் வரைந்து காட்டினாள். நாலு எண்ணும் தடங்கல் இல்லாமல் வந்தன. எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். படி கறுத்துக் கிடந்ததாம், புளி போட்டு விளக்கியபோது பார்த்தாளாம். அக்காளிடமும் அப்போதே காட்டியிருக்கிறாள். தேதி கேட்டேன், அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: அங்கே வந்து சேர்ந்த மூன்றாம் நாள், நான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

பொங்கியண்ணன்